சிறுநீர் டியூப்பும் கிருமித் தொற்றும்: ஆய்வுகளை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டியூப் போட்ட பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் கேட்பதும், தாதியர் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அசைன்மென்டுக்காகக் கேட்பதும் இங்கே கலந்து கிடக்கின்றன. பதில் எழுதுவது வார்டிலும் கிளினிக்கிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸி (தாதியை நம் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்). வார்டில் 'சிபிடி' என்பதும் வீட்டில் 'யூரின் டியூப்' என்பதும் ஒன்றுதான்: உள்ளே போனதும் நுனியில் பலூன் ஊதி, சிறுநீர்ப்பையில் தங்க வைக்கும் குழாய்.

டியூப் போட்டால் கட்டாயம் கிருமி வந்துவிடுமா, மிஸ்ஸி?

நாளாக ஆக வரத்தான் செய்யும். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி புகும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லாருக்கும் கிருமி இருக்கும். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பது போல, டியூப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஆண்டிபயாட்டிக் சரியாக இறங்காது.

முன்பு நிலைமை இன்னும் மோசம். பலூன் வைத்த இந்த டியூப்பை அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1930களில் கொண்டுவந்தபோது, சிறுநீர் திறந்த போத்தலில்தான் வடிந்தது. நான்கு நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி ஏறிவிடும். டியூப்பையும் பையையும் ஒரே மூடிய வழியாக வைத்தால் கிருமி ஏறுவது வெகுவாகத் தள்ளிப்போகிறது என்று 1966-இல் குனினும் மெக்கார்மாக்கும் காட்டினார்கள். இன்று நாம் மாட்டும் பை அந்த வழியில் வந்ததுதான். டியூப்பையும் பையையும் தேவையில்லாமல் கழற்றாதீர்கள் என்று நாங்கள் சத்தம் போடுவதும் இதனால்தான்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, அந்தக் கிருமியால் ஆள் நோயில் விழுவது வேறு. பலருக்குக் கிருமி இருக்கும், நோய் இருக்காது.

அப்பாவின் லேப் ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்று வந்திருக்கிறது. டாக்டர் மருந்தே கொடுக்கவில்லை. அலட்சியமா?

அப்பாவுக்குக் காய்ச்சல், நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி எதுவும் இல்லையென்றால் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். டியூப் போட்டவருக்கு அறிகுறி இல்லாதபோது சிறுநீரைச் சோதித்துக் கிருமி தேட வேண்டாம், கண்டாலும் மருந்து வேண்டாம் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலை. மருந்து கொடுத்தால் கிருமி சில நாள் மறையும், பிறகு திரும்பும். திரும்பும்போது அந்த மருந்துக்கு மசியாத கிருமியாகத் திரும்பலாம். பிறகு நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் கொடுக்க நல்ல மருந்து கையில் இருக்காது.

சிறுநீர் கலங்கல், வாடை இரண்டையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவற்றை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் உடனே 'யூரின்தான்' என்று சொல்லிவிடுவதும் பழக்கமாகிவிட்டது. காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேடச் சொல்கிறது அதே வழிகாட்டி; தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இனிப்புநீர் ஏற்ற இறக்கம் இவற்றையும் பாருங்கள்.

சாம்பிள் எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பையிலிருந்து எடுத்த சிறுநீர் கணக்கில் சேராது. காலையிலிருந்து நம் ஊர் வெயிலில் தேங்கிக் கிடந்ததில் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த டியூப் என்றால் அதை மாற்றிவிட்டு, புது டியூப்பிலிருந்து எடுப்பதே முறை.

ஓர் ஆய்வைக் கையில் கொடுத்தால் முதலில் எதைப் பார்ப்பது? (டிப்ளோமா மாணவி கேட்டது)

எதை எண்ணினார்கள் என்று பாரம்மா. மற்றதெல்லாம் பிறகு. சிறுநீரில் கிருமி வளர்ந்தவர்களை எண்ணினார்களா, காய்ச்சலும் வலியும் வந்து மருந்து எடுத்தவர்களை எண்ணினார்களா? முதலாவதை எண்ணுவது சுலபம், எண்ணிக்கையும் பெரிதாக வரும், சின்ன ஆய்விலேயே 'பலன் உண்டு' என்று காட்டிவிடலாம். நோயாளிக்கு வேண்டியதோ இரண்டாவது.

அடுத்து, டியூப் எத்தனை நாள் இருந்தது, யாருக்கு. அறுவை சிகிச்சைக்காக இரண்டு மூன்று நாள் போட்டவரிடம் கிடைத்த முடிவை, எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. பணம் கொடுத்தது டியூப் விற்கும் கம்பெனியா என்றும் பார். கம்பெனி பணம் என்பதால் ஆய்வு பொய்யாகிவிடாது, ஆனால் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

வெள்ளி பூசிய டியூப் கிருமியைக் கொல்லுமாம். விலை அதிகம்தான், வாங்கிப் போடலாமா?

முந்தின பதிலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெள்ளிக் கலவை பூசிய டியூப் சிறுநீரில் கிருமி வளர்வதைக் குறைக்கிறது என்று பழைய, சிறிய ஆய்வுகள் பல சொன்னன. அதை நம்பிப் பல நாட்டு மருத்துவமனைகள் வாங்கின.

பிறகு பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7102 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சாதாரண டெஃப்லான் பூசிய டியூப், வெள்ளி பூசியது, நைட்ரோஃபியூரல் என்ற மருந்து தோய்த்தது என்று குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். எண்ணியது, ஆறு வாரத்துக்குள் அறிகுறியோடு தொற்று வந்து ஆண்டிபயாட்டிக் எடுத்தவர்களை. சாதாரண டியூப்பில் 12.6 விழுக்காடு, வெள்ளியில் 12.5. வித்தியாசமே இல்லை. மருந்து தோய்த்ததில் 10.6.

அந்த 10.6-ஐப் பார்த்து 'அப்படியானால் இது நல்லது' என்று மாணவர்கள் துள்ளுவார்கள். நூறு பேருக்கு இரண்டு பேர் குறைவு. ஆனால் நிச்சயமின்மை வரம்பு, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை, நான்கு பேர் குறைவதிலிருந்து வித்தியாசமே இல்லாதது வரை நீள்கிறது. நூற்றுக்கு 3.3 பேராவது குறைந்தால்தான் பயன் என்று கருதுவோம் என்று ஆய்வாளர்கள் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அதை இது எட்டவில்லை. மருந்து தோய்த்த டியூப் போட்டவர்களுக்கு எரிச்சலும் கூடுதல். முன்கூட்டியே கோடு போட்டுவிட்டு விளையாடிய ஆய்வு என்பதால் எனக்கு இதன் மேல் மரியாதை.

இவர்கள் எல்லாரும் கொஞ்ச நாள் மட்டும் டியூப் போட்டவர்கள். மாதக்கணக்கில் போட்டிருப்பவருக்கு வெள்ளி உதவும் என்று நம்பவும் நல்ல சான்று கிடையாது. அந்த ரிங்கிட்டை நல்ல மெத்தைக்கும் கட்டிலுக்கும் செலவழியுங்கள்.

94 விழுக்காடு தொற்று குறைந்தது என்று ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறதே, அதை நம்பலாமா?

இது 2019-இல் வந்தது. மூன்று ஆஸ்திரேலிய மருத்துவமனைகள், 1642 பேர். டியூப் போடுவதற்கு முன் சிறுநீர் வாயைச் சலைனால் (உப்புநீர்) துடைப்பதா, 0.1 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பதா என்பது கேள்வி. எல்லா மருத்துவமனையும் சலைனில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குளோர்ஹெக்சிடினுக்கு மாறின. எது எப்போது மாறுவது என்பதைக் குலுக்கலில் எடுத்தார்கள்.

இப்போது எண்ணிக்கையைப் பார். சலைன் காலத்தில் அறிகுறியுள்ள தொற்று 13 பேருக்கு, குளோர்ஹெக்சிடின் காலத்தில் 4 பேருக்கு. மொத்தமே 17 பேர். 94 என்ற எண், மாதங்கள் நகர்ந்ததால் வரும் மாற்றத்தையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்ட பிறகு வந்தது. அதன் நிச்சயமின்மை வரம்பு 68-இலிருந்து 99 வரை. திசை தெளிவு, அளவு தெளிவில்லை. ஓரிரண்டு பேர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாறியிருந்தாலும் எண் ஆடியிருக்கும்.

என் கருத்து: மலிவான மருந்து, ஒரே ஒரு தடவை துடைப்பது, பெரிய தீங்கு எதுவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. செய்வதில் தவறில்லை. ஆனால் ஸ்லைடில் '94%' என்று சிவப்பில் போடுகிறவர் பக்கத்தில் 13, 4 என்றும் எழுதட்டும்.

அப்படியானால் வீட்டிலும் தினம் டெட்டால் கலந்து துடைக்கட்டுமா?

வேண்டாம். அந்த ஆய்வு டியூப் போடும் நேரத்தைப் பற்றியது. போட்ட பிறகு தினமும் கிருமிநாசினியால் துடைப்பது வேறு விஷயம், அது வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2009 வழிகாட்டி. குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும். தோல் வெந்து போனால் புண்ணாகும், கிருமிக்குத்தான் கொண்டாட்டம். உங்கள் கையைக் கழுவுங்கள், பையைத் தொடும் முன்னும் பின்னும்.

டியூப் எந்தக் கம்பெனி, எந்த மருந்து என்பதெல்லாம் இவ்வளவு சின்ன வித்தியாசம் என்றால், எதுதான் உண்மையில் குறைக்கிறது?

போடாமல் இருப்பது, போட்டால் சீக்கிரம் எடுப்பது. கேட்க சாதாரணமாக இருப்பதால் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அமெரிக்காவில் 603 மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின, முடிவு 2016-இல் வந்தது. புதிய கருவி எதுவும் கிடையாது. 'இவருக்கு இன்றைக்கு டியூப் எதற்கு?' என்று தாதி தினமும் கேட்பது, சுத்தமாகப் போடுவது, கணக்கைத் திருப்பிக் காட்டுவது, இவ்வளவுதான். சாதாரண வார்டுகளில் டியூப் இருந்த ஒவ்வொரு 1000 நாளுக்கும் 2.28 ஆக இருந்த தொற்று 1.54-க்கு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறங்கவில்லை. அங்கே மணிக்கு மணி சிறுநீர் அளக்க வேண்டியிருப்பதால் டியூப்பை எடுக்க மனம் வராது என்பது என் ஊகம்.

இதிலும் ஓட்டை உண்டு. முன்பு, பின்பு என்று ஒப்பிட்ட ஆய்வு. பக்கத்தில் திட்டம் இல்லாத மருத்துவமனைகளை நிறுத்தி ஒப்பிடவில்லை. கனடாவில் மூன்று மருத்துவமனைகளில் 692 பேரிடம் 2008-இல் வெளிவந்த குலுக்கல் ஆய்வு, டாக்டரைக் காத்திருக்காமல் தாதியே டியூப்பை எடுக்க அனுமதித்தது. தேவையில்லாத டியூப் நாள்கள் குறைந்தன, ஆனால் தொற்று குறையவில்லை. அதற்காக அந்த அனுமதி வீண் என்று நான் சொல்லமாட்டேன். டியூப் இல்லாதவர் எழுந்து நடப்பார், இழுபட்டு ரத்தம் வராது, இரவில் பிடுங்கி எறியமாட்டார். அந்த ஆய்வு அவற்றைத் தன் முக்கியக் கணக்காக எடுக்கவில்லை.

எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது இன்னொரு பொறி. 2015-இல் சிடிசி தன் வரையறையை மாற்றியது: ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்தால் இனி எண்ண வேண்டாம், கிருமி எண்ணிக்கையும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சமாவது இருக்க வேண்டும் என்று. நோயாளி மாறவில்லை, வார்டு மாறவில்லை, வரைபடம் மட்டும் கீழே போனது.

பம்பர்ஸ் மாற்ற ஆளில்லை மிஸ்ஸி. நானும் மருமகளும் ஃபேக்டரியில் ஷிஃப்ட். டியூப் இருந்தால்தான் வண்டி ஓடும்.

இந்தக் கேள்வி கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பதில் மாறாது: சிறுநீரை அடக்க முடியாமல் போய்விடுகிறது என்பது மட்டும் டியூப் போடக் காரணமாகாது. சிறுநீர் அடைத்துக்கொண்டு இறங்கவில்லை, முதுகின் அடிப்பக்கப் புண் நனைந்து ஆறவில்லை, கடைசிக் காலத்தில் ஆளைப் புரட்டவே வலிக்கிறது, இவை காரணம்.

ஆண் என்றால் உறை மாதிரி வெளியே மாட்டும் டியூப் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 75 பேரைப் பிரித்துப் பார்த்த 2006 ஆய்வில், உள்ளே போடும் டியூப்பைவிட இதில் கிருமி, தொற்று, மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு குறைவாக வந்தது. மறதி நோய் இல்லாதவர்களிடம்தான் பலன் தெளிவு. மற்றவர்கள் பிடுங்கிவிடுவார்கள் என்பது நமக்கும் தெரியும். ஆய்வு சிறியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீர் அடைபடுபவருக்கு, நாளைக்கு நாலைந்து முறை மெல்லிய டியூப்பை விட்டு வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையும் இருக்கிறது. 1972-இல் லாப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதை வீட்டில் சுத்தமான கையாலேயே செய்யலாம் என்று எழுதியபோது பலர் சிரித்தார்கள். இன்று உலகமெங்கும் அதுதான். கை நடுங்காத, கண் தெரியும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால் கிளினிக்கில் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாதாமாதம் டியூப்பைக் கட்டாயம் மாற்ற வேண்டுமா?

தொற்று வராமல் இருக்க நாள் குறித்து மாற்றுங்கள் என்று சொல்ல நல்ல சான்று கிடையாது. அடைப்பு, கசிவு, தொற்று வந்தால் மாற்றுவது என்பதே வழிகாட்டிகளின் போக்கு. ஆனால் டியூப்பின் பொருளுக்கு ஆயுள் உண்டு: பூச்சு போட்ட ரப்பர் டியூப் பொதுவாக 4 வாரம், முழுச் சிலிக்கோன் 12 வாரம் வரை. பெட்டியில் போட்டிருப்பதைத் தாண்டாதீர்கள். சிலருக்குச் சில வாரத்திலேயே சுண்ணாம்பு மாதிரி படிந்து அடைத்துவிடும், புரோட்டியஸ் என்ற கிருமியின் வேலை. அவர்களுக்கு அடைக்கும் நாளுக்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். அடைத்த தேதியை கேலண்டரில் வட்டமிட்டு, வீட்டுக்கு வரும் கிளினிக் குழுவிடம் காட்டுங்கள்.

பை ஊதா நிறமாகிவிட்டது! யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா?

ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. மலச்சிக்கல் உள்ள பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, உணவிலுள்ள ஒரு சத்தைக் குடலிலும் சிறுநீரிலும் உள்ள கிருமிகள் உடைப்பதால் நீலமும் சிவப்பும் சேர்ந்து பை ஊதாவாகும். காய்ச்சல் இல்லையென்றால் அவசரம் இல்லை. மலச்சிக்கலைக் கவனியுங்கள், பையை மாற்றுங்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் சுற்ற வேண்டாம்.

பார்லித் தண்ணீர், இளநீர், கிரான்பெர்ரி?

கிரான்பெர்ரிக்கு 2023-இல் கோக்ரேன் தொகுப்பு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவது) ஒன்று வந்தது: 50 ஆய்வுகள், 8857 பேர். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பலன் உண்டு. விடுதியில் இருக்கும் முதியவர்களுக்கும், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்கும் பலன் தெரியவில்லை. டியூப் போட்ட பாட்டி இரண்டாவது கூட்டம். கடையில் விற்கும் ஜூஸில் சர்க்கரையும் சேர்ந்து வரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பார்லித் தண்ணீர் குடிக்கட்டும், தண்ணீராக அது நல்லதுதான். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதையும் அந்த அளவுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஊர் ஆய்வு நம் தோட்டத்து வீட்டுக்குப் பொருந்துமா?

சில பொருந்தும், சில பொருந்தாது. விழுக்காடுகளை அப்படியே எடுத்துவராதீர்கள். அங்கே உள்ள கிருமி வேறு, மருந்துக்கு மசியாமை வேறு, ஆள் பலம் வேறு. ஆனால் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும் என்பது லண்டனுக்கும் நமக்கும் ஒன்றே. பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது என்பது இங்கேயும் விதிதான்.

செய்யும்போதுதான் சிக்கல். லயத்து வீட்டில் தாத்தா தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார். பை எங்கே கீழே போகும்? மெத்தை ஓரத்தில் பக்கவாட்டில் கிடக்கும், டியூப்பில் சிறுநீர் தேங்கி நிற்கும். இப்படி ஒரு வீட்டை எந்த ஆய்வும் எண்ணவில்லை. ஒரு முழ உயரக் கட்டில் ஒன்று ஏற்பாடு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை சுத்தமான பேசினில் பையை வைத்து, மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தை கொடுத்து ஆளை உயர்த்துங்கள். இன்னொன்று, கிளினிக்குக்கு வேனில் வரும்போது பையைப் பெரியவர் மடியில் வைத்துவிடுகிறார்கள். பையில் தேங்கியது டியூப் வழியாக ஏறும். கிளம்பும் முன் பையைக் காலி செய்து, சீட்டுக்குக் கீழ்மட்டத்தில் தொங்கவிடுங்கள்.

வழிகாட்டியில் இருப்பதை அப்படியே எழுதினால் அசைன்மென்டில் மார்க் போடமாட்டேன் என்கிறாரே விரிவுரையாளர்?

அவர் சொல்வது நியாயம். வழிகாட்டியின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருக்கும் சான்று ஒரே தரமில்லை. மூடிய பை வேண்டும் என்பது உறுதியான பரிந்துரை, ஆனால் அதற்கு 7000 பேர் கொண்ட குலுக்கல் ஆய்வு இல்லை. திறந்த போத்தலில் எல்லாருக்கும் வந்தது, மூடியதும் குறைந்தது; வித்தியாசம் அவ்வளவு பெரிது என்பதால் இன்று யாரும் திறந்த போத்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் துணியமாட்டார்கள். வெள்ளி டியூப் போல நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று பேசும் இடத்தில்தான் பெரிய குலுக்கல் ஆய்வு இல்லாமல் முடியாது. பரிந்துரை எவ்வளவு உறுதி, சான்று எவ்வளவு உறுதி, இரண்டையும் தனித்தனியாக எழுது. மார்க் வரும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், விலாவில் வலி, பையில் கட்டி கட்டியாக ரத்தம், சில மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பிக் கல்லாக இருப்பது, காய்ச்சலோடு குழப்பம். இதில் ஒன்று இருந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நகர்த்த முடியவில்லையென்றால் 999.

நாளைக்கு டியூப்பை எடுக்கிறார்கள். எடுத்த பிறகு என்ன பார்ப்பது?

எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போக வேண்டும். முதல் ஓரிரு முறை எரியும், சொட்டுச் சொட்டாகவும் போகலாம். நேரம் கடந்தும் போகவில்லை, அல்லது கொஞ்சம் கொஞ்சமாகப் போய் அடிவயிறு கனமாகவே இருக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள், மீதி எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். கழிவறைக்கு நடக்க முடியாதவர் என்றால் போத்தலோ பெட்பேனோ அன்று காலையிலேயே கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது கைக்கு எட்டாததால் மட்டும் மறுபடி டியூப் போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு.